கோதானில் நடப்பியலும் முரண்பாத்திரங்களும்

அவத் பகுதியைச் சேர்ந்த ஏழை உழவன் ஒருவன் பசு வாங்க விழைகிறான். பிரேம்சந்தின் ‘கோதான்’ (1936) நாவல் இத்துணைச் சிறிய விருப்பத்தின்மீதே எழுப்பப்பட்டுள்ளது. கடன், வட்டி, தண்டம் ஆகியன இந்நாவலில் பின்புலச் செய்திகளாக நின்றுவிடவில்லை. கதையை நகர்த்தும் விசைகளே அவைதாம். கருவுற்று வந்த ஜுனியாவுக்கு வீட்டில் இடமளித்ததற்காக ஹோரிக்குப் பஞ்சாயத்து 100 ரூபாயும் 30 மன் தானியமும் தண்டம் விதிக்கிறது. ‘மன்’ என்பதை ‘மணங்கு’ எனப் பெயர்ப்பது பொருந்தாது. வடநாட்டு மன் ஏறத்தாழ 82 பவுண்டு. சென்னை மணங்கோ 25 பவுண்டே. அவ்வாறு பெயர்த்தால் தண்டம் மூன்றிலொன்றுக்கும் கீழாகச் சுருங்கிவிடும். அவ்வீடு வறிதாவதன் காரணமும் விளங்காமற்போகும்.

இந்நடப்பியலுக்கு உயிரூட்டுவது ஹோரி, தனியா இணையரின் முரண்பாடாகும். பசுவுக்கு நஞ்சிட்டவன் தம்பி ஹீரா என்பதை ஹோரி உணர்ந்தும், குடும்ப மானம் கருதி, மகன் தலைமேல் கைவைத்துப் பொய்ச்சத்தியம் செய்கிறான். தனியாவோ ஊரறிய உண்மையைக் கூறுகிறாள். தம்பி வீட்டில் சோதனை நடவாதிருக்கக் காவல் அதிகாரிக்குக் கொடுக்கவென ஹோரி கடன்பெற்ற பணத்தையும் பறித்துச் சிதறடிக்கிறாள். எனினும் இவர்களை நன்மை, தீமை எனப் பிரித்தல் இயலாது. ஹோரியின் பொய்யில் உடன்பிறப்பன்பு உண்டு. தனியாவின் கடுஞ்சொல்லுக்கு அடியில் ஜுனியாவை ஏற்ற கனிவு உண்டு. இதனோடு ஒப்பிட, நகரப் பகுதியில் வரும் மால்தி, மேத்தா ஆகியோரின் முரண் பெரிதும் சொற்பொழிவுகளாகவே நின்று மெலிவுறுகிறது.

மொழிபெயர்ப்பாளர் இடர்ப்படும் இடமும் இவ்விணையரின் பேச்சே. ஹோரி மனைவியைத் ‘தூ’ என்கிறான்; தனியா கணவனைப் பெரும்பாலும் ‘தும்’ என்கிறாள். இந்தியில் ‘ஆப்’ எனும் உயர்மரியாதை வடிவம் வேறாக உள்ளமையால், ‘தும்’ என்பதற்கு ‘நீங்கள்’ மிகையாகிறது. ‘நீ’ எனின் இருவர்க்குமிடையேயுள்ள படிநிலை மறைகிறது. எதிர்மறையாகப் பேசும்போதும் தனியா பெரும்பாலும் அப்படிநிலையைப் பேணுகிறாள் என்பதே அவள் பாத்திரத்தின் நுட்பம். ஆகவே ‘நீங்கள்’ எனக் கொண்டு, மரியாதை மிகும் இடங்களில் அதன் கனத்தை வசவுச் சொற்களாலும் குறுந்தொடர்களாலும் ஈடுசெய்வதே ஏற்புடையதாகத் தோன்றுகிறது. வெயிலில் கூலிவேலை செய்து ஹோரி சாயும் இறுதிக் காட்சியில் மட்டும் இவ்வுத்தி தேவைப்படாது. கயிறு விற்றுக் கிடைத்த 20 அணாவை அவள் கோதானமாக வைக்கும் அவ்விடத்தில் வசவுக்கு இடமில்லை.