நடை பழகும் குழந்தையோடு சொகுசுக் கப்பல்: உரிமைகளைக் கரையிலேயே கேட்டு வாங்குங்கள்

ஒன்றிலிருந்து மூன்று வயது வரையுள்ள குழந்தையோடு ஊர் சுற்ற நினைக்கும் பெற்றோருக்குச் சொகுசுக் கப்பல் மிக வசதியான ஏற்பாடாகத் தெரிவதில் வியப்பில்லை. பெட்டியை ஒருமுறை பிரித்து வைத்தால் போதும். படுக்கை, சாப்பாடு, குளியலறை எல்லாம் கூடவே வரும். வண்டி மாற வேண்டாம், தாத்தா பாட்டியை அலைக்கழிக்க வேண்டாம். அமெரிக்கத் தமிழர்கள் ஃப்ளோரிடாவிலிருந்தும், மற்றவர்கள் சிங்கப்பூரிலிருந்தும் கிளம்புகிறார்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்தே 2022 ஜூனில் கார்டேலியா கப்பலின் சுற்றுலாப் பயணங்கள் தொடங்கின; அடுத்த ஆண்டு அது அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை வரை நீண்டது. குழந்தையை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள் என்று சொல்வது இந்தக் கட்டுரையின் நோக்கமில்லை. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்: கப்பலில் ஏறும் எல்லாரிலும் அதன் வசதிகளும் விதிகளும் இழப்பீட்டுச் சட்டமும் மிகக் குறைவாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் பயணி அந்தக் குழந்தைதான். ஏதாவது நடந்துவிட்டால் எல்லாரும் முதலில் கேட்பது ‘பெற்றோர் எங்கே போனார்கள்?’ என்றுதான். ஆகவே குழந்தைக்கான உரிமைகளில் பெரும்பகுதியைப் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டு வாங்கியாக வேண்டும்.

முதலில், விளம்பரத்தில் தெரியும் வசதிகளில் எவை இந்த வயதுக்கு உரியவை என்று பார்ப்போம். பெரும்பாலான கம்பெனிகள் ஆறு மாதம் நிரம்பிய குழந்தையை ஏற்றிக்கொள்கின்றன. அட்லாண்டிக்கைக் கடப்பது போல, கரை தொடாமல் பல நாள் ஓடும் பயணங்களுக்குப் பன்னிரண்டு மாதம் என்று வரம்பு உண்டு. அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களை அந்நாட்டு நோய்த்தடுப்பு மையமான சிடிசி பரிசோதிக்கிறது. அதன் விதிப்படி, டயப்பர் அணியும் குழந்தையோ கழிப்பறைப் பழக்கம் வராத குழந்தையோ பொது நீச்சல் குளத்தில் இறங்கக் கூடாது. நீச்சலுக்கென்றே விற்கும் டயப்பர் போட்டிருந்தாலும் இதே தடைதான். அவர்களுக்கென்று தனியாகக் கட்டிய தண்ணீர் விளையாட்டு இடத்தில் மட்டுமே அனுமதி. அப்படி ஓர் இடம் எல்லாக் கப்பலிலும் இல்லை. விதி நியாயமானது, கிருமி பரவாமல் காப்பது. ஆனால் வண்ணப் படத்தில் குளத்தைக் காட்டிக் குடும்பத்துக்கு டிக்கெட் விற்பவர் இதை முன்கூட்டியே சொல்வது அரிது. குழந்தைகள் மன்றத்திலும் பெரும்பாலும் மூன்று வயது நிரம்பி, டயப்பர் விட்டவர்களுக்குத்தான் இடம். அதற்குக் கீழே என்றால் தனிக் கட்டணத்தில் காப்பகம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். விற்கப்படும் ‘குடும்ப விடுமுறை’யின் பாதி, குடும்பத்தின் மிகச் சிறிய உறுப்பினருக்கு இல்லை என்பதை டிக்கெட் எடுப்பதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வது நுகர்வோரின் உரிமை.

அடுத்தது தண்ணீர். கரையிலுள்ள ஒரு பொதுக் குளத்தில் உயிர்காப்பாளர் நிற்பார் என்று நாம் எதிர்பார்க்கிறோம். கப்பலில் அந்த எதிர்பார்ப்பு பல நேரம் பொய்த்துப் போகிறது. 2013-ல் ஃப்ளோரிடாவின் கனாவரல் துறைமுகத்தில் நின்ற டிஸ்னி ஃபேண்டசி கப்பலின் குளத்தில் நான்கு வயதுச் சிறுவன் மூழ்கி, உயிர் பிழைத்தும் மூளையில் நிரந்தரப் பாதிப்பு ஏற்பட்டது. அதன் பிறகே டிஸ்னி உயிர்காப்பாளர்களை நியமித்தது. ராயல் கரீபியனும் நார்வீஜியனும் 2017-ல்தான் அந்த முடிவை அறிவித்தன. ‘கவனிக்க ஆள் இல்லை, பெற்றோரே பொறுப்பு’ என்ற அறிவிப்புப் பலகையோடு நிறுத்திக்கொள்ளும் கப்பல்கள் இன்னும் உண்டு. ஒரு கம்பெனி செய்யும் ஏற்பாட்டை மற்றொரு கம்பெனி செய்யாமல் விட முடிகிறது என்பதே, இது சட்டத்தின் கட்டாயமாக இல்லாமல் கம்பெனியின் விருப்பமாக இருப்பதைக் காட்டுகிறது.

விழும் ஆபத்திலும் இதே கதைதான். அமெரிக்காவின் 2010-ஆம் ஆண்டுக் கப்பல் பயணிகள் பாதுகாப்புச் சட்டம் கைப்பிடிக் கம்பியின் உயரம் குறைந்தது 42 அங்குலம், அதாவது ஏறத்தாழ 107 செ.மீ. இருக்க வேண்டும் என்கிறது. இரண்டு வயதுக் குழந்தையின் உயரம் சுமார் 85 செ.மீ. தரையில் நின்றால் கம்பி தலைக்கு மேல். பால்கனியில் கிடக்கும் நாற்காலியில் ஏறி நின்றால் அதே கம்பி மார்பளவு. அளவு பெரியவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஏறுவது இந்த வயதின் இயல்பு. 2019 ஜூலையில் சான் ஹுவான் துறைமுகத்தில் நின்ற ஃப்ரீடம் ஆஃப் தி சீஸ் கப்பலின் பதினோராம் தளத்தில், திறந்திருந்த ஜன்னலருகே தாத்தா தூக்கிப் பிடித்திருந்த பதினெட்டு மாதக் குழந்தை தவறி விழுந்து இறந்தது. கண்ணாடிச் சுவர் போலத் தெரியும் வரிசையில் திறக்கக்கூடிய ஜன்னல் இருந்ததும், எச்சரிக்கை இல்லாததும்தான் காரணம் என்று பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள். 2021-ல் ஃப்ளோரிடா ஃபெடரல் நீதிமன்றம், முழு விசாரணைக்குப் போகாமலே, கம்பெனிக்குச் சாதகமாகத் தீர்த்தது. கண்ணுக்கு வெளிப்படையாகத் தெரியும் ஆபத்தைப் பற்றி எச்சரிக்கும் கடமை கப்பலுக்கு இல்லை என்பது அங்குள்ள கடல்சார் சட்டத்தின் நிலைப்பாடு. வெளிப்படை என்பது பெரியவரின் கண்ணை வைத்து அளக்கப்படுகிறது. குழந்தைக்குப் பதில் பார்க்க வேண்டிய கண் பெற்றோருடையது என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது.

நோய் இன்னும் சாதாரணமாக வரக்கூடியது. ஆயிரக்கணக்கானோர் ஒரே இடத்தில் உண்டு உறங்கும்போது நோரோ வைரஸ் எளிதில் பரவும். அதற்கு ஆல்கஹால் சானிடைசர் சரிப்படாது. சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பெரியவரை இரண்டு நாள் படுக்கவைக்கும் வாந்தி வயிற்றுப்போக்கு, பத்துப் பன்னிரண்டு கிலோ குழந்தையைச் சில மணி நேரத்தில் நீரிழப்பில் தள்ளிவிடும். கப்பலில் மருத்துவர் இருப்பார். குழந்தை மருத்துவர் இருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. செலவு பயணியின் கணக்கில் ஏறும். வழியை மாற்றுவதா, ஹெலிகாப்டரை அழைப்பதா என்பது கேப்டனின் முடிவு. மருத்துவரின் தவறுக்குக் கம்பெனி பொறுப்பில்லை என்றே அமெரிக்க நீதிமன்றங்கள் நெடுங்காலம் சொல்லிவந்தன. 2014-ல் ஃப்ரான்சா வழக்கில் பதினோராம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் கவசத்தை உடைத்தது. கம்பெனியின் ஊழியராக, அதன் சீருடையில் வேலை செய்பவரின் கவனக்குறைவுக்குக் கம்பெனியும் பதில் சொல்லியாக வேண்டும் என்ற இந்தத் தீர்ப்பு பயணிகளுக்குக் கிடைத்த பெரிய வெற்றி.

விதி கட்டாயமாக இருக்கும் இடத்தில் நிலைமை எப்படி மாறுகிறது என்பதற்கு உயிர்காப்பு அங்கி ஓர் உதாரணம். கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சோலாஸ் என்ற சர்வதேச ஒப்பந்தம் 15 கிலோவுக்குக் குறைவான குழந்தைக்கென்றே தனி அங்கி வகையை வரையறுக்கிறது. 24 மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் கப்பலிலுள்ள ஒவ்வொரு கைக்குழந்தைக்கும் ஓர் அங்கி இருந்தே தீர வேண்டும். 2012-ல் இத்தாலிக் கரையருகே கோஸ்டா கான்கார்டியா கவிழ்ந்து 32 பேர் இறந்தபின், கப்பல் கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய உடனேயோ அவசரகாலப் பயிற்சி நடத்த வேண்டும் என்று விதி இறுகியது. ஆகவே அறையில் பெரியவர்களின் அங்கி மட்டும் இருந்தால், குழந்தைக்குரிய அளவைக் கேட்டு வாங்கிப் போட்டுப் பார்ப்பது கப்பலிடம் உதவி கேட்பதாகாது, சட்டப்படியான உரிமை. எழுதிய விதி இருந்தால் குழந்தை கணக்கில் வருகிறது. இல்லாவிட்டால் கம்பெனியின் மனப்போக்கை நம்ப வேண்டியிருக்கிறது.

இனி, தவறு நடந்துவிட்டால் எங்கே போவது? பதில் நாம் படிக்காமல் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று அழுத்திய டிக்கெட் ஒப்பந்தத்தில் இருக்கிறது. 1991-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கார்னிவல் எதிர் ஷூட் வழக்கில், டிக்கெட்டில் அச்சிட்ட ஊரில்தான் வழக்குப் போட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்றது. பெரிய கம்பெனிகள் பலவற்றுக்கு அந்த ஊர் மயாமி. உடற்காயத்துக்கு ஆறு மாதத்துக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், ஓராண்டுக்குள் வழக்குத் தொடர வேண்டும் என்று ஒப்பந்தம் சுருக்கலாம். அமெரிக்கச் சட்டமே அந்த அளவுக்கு இடம் கொடுக்கிறது. பாதிக்கப்பட்டவர் குழந்தை என்றால், சட்டப் பிரதிநிதி நியமிக்கப்படும் நாள் அல்லது மூன்று ஆண்டு, இவற்றில் எது முந்தியதோ அதுவரை கெடு ஓடாது. பலருக்குத் தெரியாத இந்தச் சலுகையை நம்பித் தாமதிப்பதும் ஆபத்துதான். சாட்சியும் பதிவும் மறைந்துவிடும். ஐரோப்பாவில் நிலை வேறு. 2002-ல் திருத்தப்பட்டு 2014-ல் நடைமுறைக்கு வந்த ஏதென்ஸ் ஒப்பந்தப்படி, கப்பல் கவிழ்தல், மோதல், தீ போன்றவற்றில் ஒரு வரம்பு வரை பயணி தவறை நிரூபிக்கத் தேவையில்லை. குளத்தோரம் வழுக்கி விழுவது அந்தப் பட்டியலில் வராது. அங்கே நிரூபிக்கும் சுமை பெற்றோர்மேல்தான்.

இந்தச் சட்டங்களின் மிகக் கொடிய இடைவெளி அமெரிக்காவின் 1920-ஆம் ஆண்டு ஆழ்கடல் மரணச் சட்டத்தில் இருக்கிறது. அமெரிக்கக் கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்கு அப்பால் ஒருவர் பிறரின் தவறால் இறந்தால், குடும்பத்துக்கு ஏற்பட்ட பண இழப்பை மட்டுமே கேட்கலாம். இரண்டு வயதுக் குழந்தைக்குச் சம்பளம் இல்லை. ஆகவே அதன் சாவுக்கு இந்தக் கணக்கில் ஏறக்குறைய விலையே இல்லை. விமான விபத்துகளுக்கு 2000-ல் இதில் விலக்கு அளித்த நாடாளுமன்றம், கப்பலை அப்படியே விட்டுவிட்டது. இந்தியாவின் நிலை இதைவிட மனிதத்தன்மை உடையது. 1998-ல் ஸ்பிரிங் மெடோஸ் மருத்துவமனை வழக்கில் நம் உச்ச நீதிமன்றம், சிகிச்சை பெற்ற குழந்தை, அதற்காகப் பணம் கொடுத்த பெற்றோர் இருவருமே நுகர்வோர், பெற்றோரின் மன வேதனைக்கும் இழப்பீடு உண்டு என்று தீர்ப்பளித்தது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் மைனர் சார்பில் பெற்றோர் புகார் செய்யலாம் என்பதை வெளிப்படையாகவே எழுதிவைத்திருக்கிறது.

இந்தச் சட்டத்தின்படி, குடியிருக்கும் மாவட்டத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். மதுரைக்காரர் மும்பைக்கு ஓட வேண்டியதில்லை. கட்டிய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் புகார்க் கட்டணம் இல்லை. 1915 என்ற எண்ணில் தேசிய உதவி மையம் வழிகாட்டும். ஒப்பந்த நிபந்தனையே அநியாயமானது என்று வாதிட மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு: இந்தியாவில் அலுவலகமே இல்லாத வெளிநாட்டுக் கம்பெனியிடம் தீர்ப்பை வைத்துக்கொண்டு பணம் வசூலிப்பது கடினம். அதனால் இங்கே பதிவுள்ள நிறுவனத்திடம், ஜிஎஸ்டி பில்லோடு, என்னென்ன சேவை என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு டிக்கெட் எடுப்பது நல்லது. பயணக் காப்பீட்டு பாலிசியில் கப்பல் பயணமும், கடலிலிருந்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் செலவும், குழந்தையின் வயதும் அடங்குகின்றனவா என்று பார்க்க வேண்டும். காப்பீட்டு நிறுவனம் கோரிக்கையை மறுத்தால் செலவில்லாமல் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கப்பலில் காயம் பட்டால் அன்றைக்கே விபத்து அறிக்கை எழுதச் சொல்லி நகல் கேளுங்கள். கேமராப் பதிவை அழிக்காமல் வைக்கும்படி எழுத்தில் கொடுங்கள். இடத்தைப் படம் எடுங்கள். மருத்துவக் குறிப்புகளை வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டு மறுப்புகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். இவையெல்லாம் அபூர்வமானவை, வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும் மொட்டை மாடியும் கப்பலைவிட ஆபத்தானவை என்பது முதலாவது. அபூர்வம் என்பது உண்மைதான். கோடிக்கணக்கானோர் பத்திரமாகப் போய் வருகிறார்கள். ஆனால் வீட்டின் ஆபத்தை நாமே அறிவோம், நாமே அடைப்போம். கப்பலின் வடிவமைப்பு, ஆள் பலம், பழைய விபத்துகளின் பதிவு எல்லாம் கம்பெனியின் கையில். அறிவும் அதிகாரமும் யாரிடம் இருக்கின்றனவோ அவரிடமே கடமையும் இருக்க வேண்டும். பெற்றோர் பார்த்துக்கொள்ளாமல் கம்பெனியைக் குறை சொல்வதா என்பது இரண்டாவது. பெற்றோரின் பொறுப்பு எங்கேயும் குறையாது. ஆனால் இந்த வயதில் ஒரு கணம் கண் பிசகுவது நடந்தே தீரும் என்பது குழந்தைகளோடு பழகும் எவருக்கும் தெரியும். குடும்பங்களுக்கென்றே விளம்பரம் செய்து பணம் வாங்கும் கம்பெனிக்கும் தெரியும். தெரிந்தே எதிர்பார்க்கக்கூடிய பிசகுக்குத் தடுப்பு வைப்பதுதான் பாதுகாப்பு என்பதன் பொருள்.

ஆகவே பணம் கட்டுமுன் எழுத்தில் பதில் கேட்க வேண்டிய கேள்விகள் சிலதான். குளத்தருகே உயிர்காப்பாளர் உண்டா? டயப்பர் குழந்தைக்குத் தண்ணீர் இடம் உண்டா? காப்பகம் எந்த வயதிலிருந்து, என்ன கட்டணம்? பால்கனிக் கதவுக்குக் குழந்தைக்கு எட்டாத தாழ் உண்டா? மருத்துவரிடம் குழந்தைக்கான மருந்தும் கருவியும் உண்டா? வழக்கு எந்த ஊரில், எத்தனை மாதக் கெடு? பதில் மின்னஞ்சலில் வந்தால், பின்னாளில் அதுவே சேவைக் குறைபாட்டுக்குச் சான்று. பதில் வராவிட்டால் அதுவும் ஒரு தகவல்தான். அரசுக்கும் இதில் வேலை இருக்கிறது. 2029-க்குள் சொகுசுக் கப்பல் பயணிகளின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கும் நோக்கத்தோடு 2024 செப்டம்பரில் மத்திய அரசு குரூஸ் பாரத் இயக்கத்தைத் தொடங்கியிருக்கிறது. முனையங்களும் வரிச்சலுகையும் வகுக்கும் அதே வேளையில், நம் துறைமுகங்களிலிருந்து குடும்பங்களை ஏற்றிச்செல்லும் ஒவ்வொரு கப்பலிலும் குளத்துக்கு உயிர்காப்பாளரையும், பால்கனிக்குக் குழந்தைத் தாழையும், குழந்தைக்கான வரம்புகளை டிக்கெட்டின் முதல் பக்கத்தில் அச்சிடுவதையும் கட்டாயமாக்குவது பெரிய செலவு பிடிக்கும் காரியமில்லை. உயிர்காப்பு அங்கி விஷயத்தில் உலக நாடுகள் விதி எழுதி அதைச் சாதித்துக் காட்டியிருக்கின்றன. மற்றவற்றுக்கும் அதுவே வழி.