கண் தெரியாதவர் கண்ட கருவி

மோட்டார் காரை ஒரு நாளும் தாமே ஓட்ட முடியாத ஒருவர், உலகத்து மோட்டார்க்காரர்களின் கால்களுக்கு ஓய்வு தந்தார் என்றால் நம்புவீர்களா? அவர் பெயர் ரால்ஃப் டீட்டர். அமெரிக்காவில் இந்தியானா ராஜ்யத்துக்காரர். 1890-ல் பிறந்த அவருக்கு ஐந்தாவது வயதில் நேர்ந்த ஒரு விபத்தினால் இரு கண்களிலும் பார்வை போயிற்று. அப்படியும் எஞ்சினீயரிங் பட்டம் பெற்றார். 1936-ல் அமெரிக்க மோட்டார் எஞ்சினீயர்கள் சங்கத்துக்கே தலைவரானார்.

அவரைக் காரில் அழைத்துச் செல்லும் வக்கீல் ஒருவருக்கு ஒரு வழக்கம் உண்டாம். தாம் பேசும்போது வண்டி மெதுவாகும். பிறர் பேசக் கேட்கும்போது வேகம் ஏறும். குலுங்கிக் குலுங்கிச் சலித்துப்போன டீட்டர், வேகத்தை ஒரே சீராக நிறுத்தும் சாதனம் ஒன்றைச் செய்ய முனைந்தார் என்று சொல்வார்கள். 1950-ல் அதற்குப் பேடண்ட் உரிமை கிடைத்தது. 1958-ல் கிரைஸ்லர் கம்பெனியின் கார்களில் அது இடம் பெற்றது. ‘க்ரூஸ் கண்ட்ரோல்’ என்பது பிற்பாடு வந்த பெயர்.

ஏற்றத்தில் பெட்ரோலைக் கூட்டும், இறக்கத்தில் குறைக்கும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். முன்னால் ஒரு லாரி ஊர்ந்து போகிறதா என்பது தெரியாது. செய்தவரைப் போலவே கருவிக்கும் கண் இல்லை! ஆனால் டீட்டருக்கு இருந்த கூரிய செவி அதற்கு ஏது?

மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு வினாடியில் 28 மீட்டர் ஓடிவிடும். பிரேக்கை அழுத்திய பிறகும், உலர்ந்த சாலையிலேயே, நிற்பதற்குச் சுமார் 50 மீட்டர் வேண்டும். கால் சும்மா இருந்து பழகிவிட்டவர் அரை வினாடி அயர்ந்தால் 14 மீட்டர் போயிற்று.

ஆகவே கருவிக்குக் கண் வைத்தார்கள். 1999-ல் மெர்ஸிடிஸ் பென்ஸ் காரில் ராடார் வந்தது. ரயில் ஊதிக்கொண்டு வரும்போது ஒலி உச்சமாகவும், கடந்து போனபின் தாழ்ந்தும் கேட்கிறதல்லவா? அதே தத்துவம்தான். முன் வண்டியில் பட்டுத் திரும்பும் அலையைக் கொண்டு, அதை எவ்வளவு வேகத்தில் நெருங்குகிறோம் என்று கணக்கிட்டு, யந்திரமே பிரேக் போடுகிறது.

இங்கேதான் எஞ்சினீயர்களுக்குத் தலைவலி ஆரம்பமாயிற்று. ஓடும் காரிலிருந்து பார்த்தால், அசையாமல் இருப்பவை எல்லாம் அதே 100 கிலோமீட்டர் வேகத்தில் எதிரே பாய்ந்து வருவதாகவே ராடாருக்குத் தோன்றும். பாலம், பெயர்ப் பலகை, இரும்பு வேலி, நடுச் சாலையில் பழுதாகி நிற்கும் லாரி எல்லாம் அதற்கு ஒன்றுதான். பலகைக்கெல்லாம் பிரேக் போட்டால் பின்னால் வரும் வண்டி வந்து மோதும். எனவே, ஆரம்பத்திலிருந்தே அசையாமல் நிற்கும் பொருளைப் பொருட்படுத்த வேண்டாம் என்று யந்திரத்துக்குச் சொல்லிவைத்தார்கள். நின்ற லாரியும் அதில் சேர்ந்துவிட்டது! கார் வாங்குவோருக்குத் தரும் கையேட்டில் இதை எச்சரிக்கையாக அச்சிட்டிருப்பார்கள். அதை எத்தனை பேர் படிக்கிறார்கள்?

பரிகாரமாக ராடாருக்குத் துணையாகக் காமிராவைச் சேர்த்தார்கள். ராடார் தூரத்தைச் சொல்லும். எதிரில் இருப்பது லாரியா, பலகையா என்பதைக் காமிரா பார்த்துச் சொல்லும். இரண்டும் ஒத்துச் சொன்னால் முதலில் மணி அடிக்கும், பிறகு லேசான பிரேக், கடைசியில் முழு பிரேக். ஐரோப்பிய யூனியனில் 2024 ஜூலை முதல் புதிதாக விற்கும் கார் ஒவ்வொன்றிலும் தானியங்கிப் பிரேக் இருந்தாக வேண்டும் என்பது சட்டம்.

காமிராவின் மேல் சேறு படிந்தாலும், கடும் மழை மறைத்தாலும், ‘எனக்குத் தெரியவில்லை’ என்று காரின் முகப்பில் அறிவிப்பு ஒன்று தோன்றும். அப்போது கால் பழையபடி பிரேக்கிற்குப் போக வேண்டியதுதான்.