புதிய டாங்கியைப் பழசாக்கும் கலை



புத்தம் புதிய பொருளைக் காசு கொடுத்து வாங்கி, பாடுபட்டு அதைப் பழசாக்கி, பிறகு அலமாரியில் வைத்து அழகு பார்க்கிற வேலை ஒன்று உண்டு என்று சொன்னால் நம் வீட்டுப் பாட்டிமார் சிரிப்பார்கள். ஆனாலும் அப்படி ஒரு வேலை இருக்கத்தான் செய்கிறது. பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிச் சிறிய டாங்கி ஒன்றைச் செய்து, அதன்மேல் வெயிலும் மழையும் சேறும் புழுதியும் பட்டது போலச் சாயம் ஏற்றுவதுதான் அது. பட்டணத்துக் கடைகளில் இதற்கான பெட்டிகளை அடுக்கி வைத்திருப்பார்கள். நம் பிள்ளைகள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்திருக்கவும் கூடும். தோட்டத்தில் வளரும் பிள்ளைக்கு இந்த வேலை மற்றவர்களைவிட நன்றாக வரும் என்பது நம் எண்ணம். ஏன் என்பதைப் போகப் போகச் சொல்கிறோம்.

முதலில் அளவைப் பார்ப்போம். பெரும்பாலான டாங்கிப் பெட்டிகளின்மேல் 1/35 என்று அச்சிட்டிருக்கும். உண்மை டாங்கியின் 35 சென்டிமீட்டர் நம் மேசைமேல் 1 சென்டிமீட்டராகிறது என்று பொருள். அது என்ன 35? ஜப்பானில் சிசுவோக்கா நகரத்துத் தமியா நிறுவனத்தார் 1960-களின் தொடக்கத்தில் ‘பாந்தர்’ என்னும் ஜெர்மானிய டாங்கியின் மாதிரியைச் செய்தபோது, உள்ளே மோட்டாரும் பேட்டரியும் அடங்க வேண்டும் என்று பார்த்தே அதன் உடலின் அளவை வைத்தார்கள். பின்னர் அளந்து பார்த்தபோது அது ஏறக்குறைய 35-இல் ஒரு பங்காக வந்தது. பேட்டரிக்காக வைத்த அளவை இன்று உலகெங்கும் பல நிறுவனங்கள் பின்பற்றுகின்றன.

நாம் எடுத்துக்கொள்ளும் டாங்கி, ஜெர்மனியின் ‘லெப்பர்ட் 2ஏ6’. 2001-ஆம் ஆண்டில் அந்நாட்டுப் படைக்கு வந்தது. எடை ஏறக்குறைய 62 டன். உள்ளே இருப்பவர்கள் நால்வர்: தலைவர், குறி பார்ப்பவர், குண்டு நிரப்புபவர், ஓட்டுநர். பீரங்கியின் வாய் 120 மில்லிமீட்டர். குழலின் நீளம் அந்த வாயைப்போல் 55 மடங்கு, அதாவது 6.6 மீட்டர். இதை 35-ஆல் வகுத்தால் என்ன வரும் என்று உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் கேளுங்கள். ஏறக்குறைய 19 சென்டிமீட்டர் என்று சொன்னால் கணக்குச் சரி.

இங்கே தகப்பனார் ஒருவர் குறுக்கிட்டு, “சார், யுத்தக் கருவியை எதற்காகப் பிள்ளையின் கையில் கொடுக்க வேண்டும்?” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இந்த லெப்பர்ட் 2ஏ6 டாங்கிகளில் 18-ஐ ஜெர்மனி 2023-இல் உக்ரேனுக்குக் கொடுத்தது. அவை உண்மையான போருக்குப் போயின. சில சிதைந்தும் போயின. ஆகவே இதை வெறும் விளையாட்டுச் சாமான் என்று நாம் சொல்ல மாட்டோம். அந்த நால்வரைப் பற்றியும் பிள்ளையிடம் பேசிவிட்டே பெட்டியைத் திறக்கலாம். அதற்கும் மனம் ஒப்பவில்லையென்றால் லோரியோ டிராக்டரோ செய்யட்டும். இனிச் சொல்லப் போகும் எல்லாம் அவற்றுக்கும் பொருந்தும். விலையும் இன்னொரு கவலை. நல்ல பெட்டி நூறு வெள்ளிக்கு மேல் போய்விடும். முதல் முயற்சிக்கு 1/72 அளவிலுள்ள சிறிய பெட்டி போதும். விலை குறைவு, சாயமும் குறைவாகவே செலவாகும்.

ஒட்டும் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம், பெட்டிக்குள் இருக்கும் படத்தாளே அதற்கு ஆசிரியர். துண்டைச் சட்டத்திலிருந்து ஒட்ட வெட்டாமல் சிறிது விட்டு வெட்டி, மிச்சத்தைக் கத்தியால் சீவி, மணல் தாளால் தேய்க்க வேண்டும். பிளாஸ்டிக் பசை மற்றப் பசைகளைப் போன்றது அல்ல. அது இரண்டு பக்கத்தையும் உருக்கி ஒன்றாக்குகிறது. அதனால் தூரிகை நுனியளவு போதும். அதிகம் விட்டால் விரல் ரேகை அப்படியே பதிந்துவிடும். பீரங்கிக் குழல் இரண்டு பாதிகளாக வந்திருந்தால், ஒட்டிய கோடு மறையும்வரை தேய்த்தே ஆக வேண்டும். இந்த டாங்கிக்குப் பக்கத்துக்கு ஏழு சக்கரங்கள், ஒவ்வொன்றும் இரட்டைத் தட்டு. ஆக மொத்தம் 28 தட்டுகள். அவற்றின் விளிம்பெல்லாம் ரப்பர். பூட்டுவதற்கு முன்பே விளிம்புக்குக் கருஞ்சாம்பல் நிறம் தீட்டிவிடுவது நல்லது. பூட்டிய பின் தூரிகை நுழையாது.

தாய்மார்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பசையும் தின்னரும் வெளிவிடும் ஆவி தீப்பற்றும், தலையையும் சுற்றும். அடுப்பு எரியும் இடத்திலோ, கொசுவத்தி புகையும் அறையிலோ, கைக்குழந்தை தூங்கும் இடத்திலோ அந்தப் புட்டிகளைத் திறக்கவே கூடாது. ஐந்தடியில் வாசல் இருக்கிறது. அங்கே போய் உட்காரலாம். நீரில் கரையும் சாயம் வாங்கினால் பாதிக் கவலை விட்டது.

ஜெர்மானியப் படை 1980-களில் இருந்து மூன்று நிறச் சாயம் பூசி வருகிறது: கரும்பச்சை, பழுப்பு, கறுப்பு. கறுப்பை அப்படியே பூசாதீர்கள். அதில் சிறிது சாம்பல் நிறம் கலக்க வேண்டும். தூரத்து மலை வெளிறித் தெரிவதை நாம் அன்றாடம் பார்க்கிறோம் அல்லவா? சிறிய உருவமும் தூரத்தில் நிற்கும் பெரிய பொருளைப் போலத்தான் கண்ணுக்குத் தோன்ற வேண்டும்; அழுத்தமான கறுப்பு அந்தத் தோற்றத்தைக் கெடுத்துவிடும். சாயம் காய்ந்ததும் எண்களையும் சின்னங்களையும் நீரில் ஊறவைத்து ஒட்டி, மேலே வார்னிஷ் ஒரு பூச்சு.

இப்போது டாங்கி கடையில் வாங்கிய பொம்மை மாதிரி பளிச்சென்று நிற்கும். பழசாக்கும் வேலை இங்கேதான் தொடங்குகிறது. பலர் கெடுத்துக்கொள்வதும் இங்கேதான். கையில் கிடைத்த கறுப்பையும் துருநிறத்தையும் அள்ளிப் பூசி, “அடிபட்ட டாங்கி” என்பார்கள். அழுக்காக்குவது வேறு, பழசாக்குவது வேறு. ஒவ்வொரு கறைக்கும் ஒரு காரணம் இருக்க வேண்டும். இந்தச் சேறு எங்கிருந்து தெறித்தது, இந்தச் சாயம் எது உரசிப் போனது என்று கேட்டால் பதில் வர வேண்டும்.

தோட்டத்துப் பிள்ளை முந்திக்கொள்வதும் இந்த இடத்தில்தான். செம்பனைக் குலை ஏற்றும் டிராக்டரை அது தினமும் பார்க்கிறது. எங்கள் வகுப்பில் டிராக்டர் படம் வரையச் சொன்னால், சேற்றை எங்கே போடுவது என்று யாரும் கேட்பதில்லை. சக்கரத்துக்கு மேலே வளைந்த தகட்டின் உட்புறத்தில் கட்டியாக அப்பியிருக்கும். பின்புறத்தில் முன்புறத்தைவிட அதிகம். டீசல் ஊற்றும் மூடியைச் சுற்றிக் கறுத்துப் பளபளக்கும், அந்த ஈரத்தில் புழுதி ஒட்டிக்கொள்ளும். கால் வைத்து ஏறும் படியில் சாயம் தேய்ந்து வழவழப்பாகியிருக்கும். இத்தனையும் டாங்கிக்கும் பொருந்தும். வீரர்கள் ஏறி இறங்கும் வழி, மேல்மூடிகளின் விளிம்பு, எரிபொருள் மூடி, பின்புறத்துப் புகைவாய் ஆகிய இடங்களை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை, நீர்த்த சாயம் ஓட விடுவது. கரும்பழுப்புச் சாயத்தை டீயைப்போல் மெல்லியதாக நீர்க்கச் செய்து, ஆணித்தலை ஓரத்திலும் மூலைகளிலும் தூரிகை நுனியால் தொட வேண்டும். அது தானாகவே இடுக்குகளுக்குள் ஓடித் தங்கும். வெறும் நீர் என்றால் முத்துமுத்தாகத் திரண்டு நிற்கும். பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தில் ஒரு துளி சேர்த்தால் நீரின் பரப்பு இழுவிசை தளர்ந்து, சாயம் படிந்து ஓடும். அறிவியல் பாடத்தில் படித்தது இங்கே கைக்கு வருகிறது.

அடுத்தது உலர் தூரிகை. வெளிர் நிறத்தைத் தொட்டு, துணியில் துடைத்து, தூரிகை ஏறக்குறைய வறண்டபின் விளிம்புகளின்மேல் இலேசாகத் தடவினால் மேடுகள் மட்டும் துலங்கும். இதை அளவோடு செய்வது நல்லது. எங்கும் தடவினால் டாங்கிக்கு மாவு பூசியது போல் ஆகிவிடும்.

சாயம் பெயர்ந்த தழும்புகளில்தான் அளவுக் கணக்கு மிகவும் தேவைப்படுகிறது. மேசைமேல் 1 மில்லிமீட்டர் என்பது உண்மையில் மூன்றரை சென்டிமீட்டர். நீங்கள் வைக்கும் சின்னப் புள்ளி, உண்மை டாங்கியில் பெரிய நாணயத்தைவிட அகலமான காயம்! ஆகவே மிக மெல்லிய தூரிகையால், மிகக் குறைவாக வையுங்கள். எல்லா இடத்திலும் எஃகு தெரியாது என்பதும் நினைவிருக்கட்டும். இந்த டாங்கியின் பக்கத் தட்டிகளில் முன்பகுதிதான் கனத்த கவசம். பின்பகுதித் தட்டிகள் ரப்பர். ரப்பரைப் பற்றி நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. அது துருப்பிடிக்காது, சாயம் போனால் அடியில் கறுப்புத்தான் தெரியும், ஓரம் பிய்ந்து நெளியும். அதன்மேல் வெள்ளி நிறம் வைத்தால் அது பொய். சங்கிலியிலும் அப்படியே. தரையில் படும் பகுதியில் ரப்பர் கட்டைகள் பதித்திருக்கிறார்கள். பளபளப்பு வர வேண்டியது இரும்போடு இரும்பு உரசுகிற பற்களிலும் இணைப்புகளிலும் மட்டுமே.

துருவைப் பற்றி நமக்கு ஓர் அழுத்தமான கருத்து உண்டு. ஓடுகிற டாங்கியை வீரர்கள் துடைத்துப் பேணுவார்கள்; சங்கிலியில் ஓர் இரவு மழைக்குப் பிறகு இலேசான துரு படியும், ஓடியதும் போய்விடும். இழுவைக் கம்பியிலும் புகைவாயிலும் சிறிது இருக்கலாம். உடல் முழுதும் செம்மஞ்சளாகத் துருவேறிய டாங்கி, தீயில் எரிந்த டாங்கி. சாயம் எரிந்து போனதால்தான் எஃகு அப்படிச் சிவக்கிறது. அந்த நால்வரும் வெளியே வந்தார்களா இல்லையா என்ற கேள்வி அந்த நிறத்துக்குள் இருக்கிறது. பார்க்க அழகாக இருக்கிறது என்பதற்காக ஓடும் டாங்கிக்கு அந்த நிறத்தைப் பூசுவது நமக்கு உடன்பாடு இல்லை.

கடைசியில் சேறும் புழுதியும். லெப்பர்ட் ஓட்டுநர்கள் பயிற்சி பெறும் மூன்ஸ்டர், வடக்கு ஜெர்மனியின் லூனபர்க் புல்வெளிப் பகுதியில் இருக்கிறது. அது மணற்பாங்கான மண். காய்ந்தால் வெளிறிய சாம்பல் மஞ்சள். நம் வாசல் செம்மண்ணை அங்கே கொண்டுபோய்ப் பூசினால் பார்க்கிறவர் நம்ப மாட்டார். செம்மண்தான் வேண்டும் என்றால் அதற்கும் டாங்கி உண்டு. நம் நாடு போலந்திலிருந்து வாங்கிய 48 ‘பெண்டெக்கார்’ டாங்கிகள் 2007-க்கும் 2009-க்கும் இடையில் வந்து சேர்ந்தன. அவற்றின் இருப்பிடம் கிம்மாஸ். அந்த வட்டாரத்து நேயர்களுக்கு அந்த மண்ணின் நிறத்தை நாம் சொல்ல வேண்டியதில்லை.

வண்ணச் சுண்ணக்கோலைக் கத்தியால் சுரண்டினால் நல்ல பொடி கிடைக்கும். உண்மை மண்ணையே எடுத்தால், வெயிலில் காயவைத்து, நுணுக்கி, மெல்லிய பழந்துணியில் சலித்து, துணி வழியாக இறங்கும் மாவை மட்டும் எடுங்கள். சாதாரண மணலில் ஒரு பருக்கை இந்த அளவில் கூழாங்கல்லாகிவிடும். சேற்றைக் கீழிருந்து மேலாக ஏற்ற வேண்டும்: சக்கரங்களில் கட்டியாக, தட்டியின் கீழ்விளிம்பில் தெறிப்பாக, பின்புறத்தில் அடர்த்தியாக. கோபுரத்தின்மேல் காலணித் தடம் அளவுக்குத்தான். பழைய சேறு வெளிறியும் புதிய சேறு கறுத்தும் இருப்பதால் இரண்டு நிறம் கலந்து வையுங்கள். பொடி நிற்பதற்கு, நீர்த்த வெள்ளைப் பசையில் ஒரு துளி விட்டால் போதும். ஈரத்தில் நிறம் கறுத்துத் தோன்றும். மறுநாள் காய்ந்தபின் பார்த்துவிட்டு மேலும் வேண்டுமா என்று முடிவு செய்யலாம். இதையெல்லாம் முதலில் பழைய பிளாஸ்டிக் கரண்டியில் செய்து பார்த்துக்கொள்வது நல்லது.

முடிந்தபின் பொடி படிந்த இடத்தை விரலால் தொடாமல் அடிப்பக்கத்தைப் பிடித்துத் தூக்குங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் வைக்காதீர்கள், பிளாஸ்டிக் நெளிந்துவிடும். மூடியுள்ள கண்ணாடிப் பெட்டி ஒன்று கிடைத்தால் அதில் வைக்கலாம்; நாம் பூசிய புழுதியின்மேல் வீட்டுப் புழுதியும் சேர்ந்தால் பிறகு இரண்டையும் பிரிக்க வழியில்லை.