காற்றுக்கு வரப்பு கிடையாது

கார் நெல் பூத்திருந்த சமயம். செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று அடித்துக்கொண்டிருந்தது. சேரன்மகாதேவி பக்கத்து வயல் வரப்பில் நின்று தோகையைத் தடவினேன். விரலில் மாவு மாதிரி ஒட்டியது. மேற்கே உள்ள கல் கிரஷரின் தூசி. பக்கத்து வயல் அண்ணாச்சி கேட்டார்: "மருந்தடிக்காம வெளைய வைக்கீரு, சரி. காத்தை என்ன செய்வீரு?"

தூசி இலைத்துளையை அடைக்கும், வெயிலை மறைக்கும். நெல் பூ பெரும்பாலும் காலை 9 மணியிலிருந்து 12 மணிக்குள் விரியும். அப்போது தூசி விழுந்தால் மணி பிடிப்பது குறையக்கூடும். ஒரு நல்ல மழை பெய்தால் இலையாவது கழுவப்படும்.

ஓசோனை மழை கழுவாது. வானத்து உச்சியில் நமக்குக் குடை பிடிக்கிற அதே வாயு, தரைமட்டத்தில் பயிருக்கு நஞ்சு. எந்தப் புகைக்குழாயும் அதை நேரடியாகக் கக்குவதில்லை. வண்டி, அனல்மின் நிலையம், எரிக்கிற வைக்கோல் இவற்றின் புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளும் கரிம ஆவிகளும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனாகின்றன. டவுனில் கிளம்பும் புகை காற்றோடு வந்து கிராமத்து வயலில் ஓசோனாக நிற்கும். இலைத்துளை வழியே நுழைந்து பச்சையத்தைக் கெடுக்கும். மணிக்குப் போக வேண்டிய சத்தைப் பயிர் தன்னைச் சரிசெய்துகொள்ளவே செலவழிக்கும். முற்றிய இலையில் சின்னச் சின்னப் பழுப்புப் புள்ளி தெரிந்தால், நாம் நோய் என்போம், துத்தநாகக் குறை என்போம். பல சமயம் புள்ளியே இராது. நெல் அளக்கும்போதுதான் குறையும். கணக்கில் சொல்லாமல் பிடிக்கிற கட்டணம் மாதிரிதான்.

புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவன விஞ்ஞானிகள் 2014இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். 2005ஆம் ஆண்டு நிலவரப்படி, ஓசோனால் நாடு இழந்தது கோதுமையில் சுமார் 35 லட்சம் டன், நெல்லில் 21 லட்சம் டன். பெரும்பகுதி மத்திய, வட இந்தியாவில்தான். அதற்காக நாம் நிம்மதியாக இருந்துவிட முடியாது.

நம் பங்கும் இதில் இருக்கிறது. நீர் தேங்கிய வயல் மீத்தேன் விடும். ஓசோன் உருவாக அதுவும் ஒரு காரணம். இயற்கை விவசாயம் என்று தழையை மிதித்து, அது மக்குமுன் தண்ணீரைக் கட்டியே வைத்தால் மீத்தேன் கூடும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டால் குறையும். மிஷின் அறுப்பு முடிந்ததும் தீ வைக்காமல் வைக்கோலைக் கட்டி மாட்டுக்குக் கொடுக்கலாம், மூடாக்குப் போடலாம்.

மேல் வரப்பில் வைத்த புங்கன் இப்போதுதான் இடுப்பளவு வந்திருக்கிறது. தூசி அதற்கு மேலே பறக்கிறது. கிரஷரில் தண்ணீர் தெளிக்கச் சொல்லி, திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு மனு எழுதியிருக்கிறோம். அண்ணாச்சியும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.