ஆமை ஓடு கோணலாக வளர்கிறதா? விளக்கையும் உணவையும் கவனியுங்கள்

பொங்கோல் வீவக வீடுகளில் மீன்தொட்டிக்கு அடுத்தபடியாகப் பிள்ளைகள் ஆசையாகக் கேட்பது குட்டி ஆமை. கடையில் வாங்கும்போது ஐம்பது காசு நாணயத்தைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும் சிவப்புக் காது ஆமை, வளர்ந்தபின் 25 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடும். நன்கு பராமரித்தால் 30 ஆண்டுகள்கூட வாழும். ஆனால் சிறிய பிளாஸ்டிக் பெட்டியிலேயே வளரும் பல ஆமைகளுக்கு ஓரிரு ஆண்டுகளில் ஓடு மென்மையாகிறது, ஓரங்கள் மேல்நோக்கி மடங்குகின்றன, அல்லது செதில்கள் மேடுமேடாக எழும்புகின்றன.

ஓடு என்பது ஆமை போட்டுக்கொண்ட சட்டை அன்று. முதுகெலும்பும் விலா எலும்புகளும் ஒன்றிணைந்து உருவான எலும்புக்கூட்டின் பகுதி அது. அதன்மேல் நம் நகத்தைப் போன்ற கெராட்டின் செதில்கள் மூடியிருக்கின்றன. எனவே, ஓடு கோணினால் உள்ளே எலும்பும் பாதிக்கப்பட்டிருக்கலாம். தேங்காய் எண்ணெய் தடவுவதால் பயனில்லை.

கண்ணாடி வழி வரும் வெயில் போதாது

எலும்பு வளரச் சுண்ணாம்புச் சத்து தேவை. அதை உடல் ஏற்க வைட்டமின் டி3 வேண்டும். அதை ஆமை தன் தோலில் உருவாக்கிக்கொள்ள ‘யுவிபி’ எனும் புற ஊதாக் கதிர் தேவை. சன்னல் கண்ணாடி இந்தக் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும். சன்னலோரம் வைத்த தொட்டியில் வெளிச்சம் இருக்கும், யுவிபி இருக்காது.

ஊர்வனவற்றுக்கான யுவிபி விளக்கு நல்ல தீர்வு. விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் அதன் யுவிபி காலப்போக்கில் குறையும்; தயாரிப்பாளர் சொல்லும் காலத்தில், பொதுவாக 6 முதல் 12 மாதங்களுக்கு ஒருமுறை, மாற்றவேண்டும். நீரிலிருந்து முழுமையாக ஏறி உடலை உலர்த்த ஒரு மேடையும் தேவை. அந்த இடம் ஏறத்தாழ 30 டிகிரி செல்சியஸ் இருக்கலாம். வெளியே வெயிலில் விட்டால் நிழலும் இருக்கவேண்டும். ஆழமற்ற நீர் நண்பகலில் சூடாகி ஆமையைக் கொன்றுவிடும்.

காய்ந்த இறால் மட்டும் உணவாகாது

காய்ந்த இறாலை மட்டும் கொடுத்து வளர்ப்பது பரவலான தவறு. ஆமைக்கான உருண்டை உணவும் கீரை வகைகளும் அடிப்படையாகட்டும். வளர வளரக் கீரையின் பங்கு கூடவேண்டும். நீரில் கணவாய் ஓட்டுத் துண்டு ஒன்றைப் போட்டுவைத்தால் ஆமை கொறித்துச் சுண்ணாம்புச் சத்தைப் பெறும். அளவுக்கு மீறிய தீனி வேகமான வளர்ச்சியைத் தந்து ஓட்டைக் கெடுக்கும். தண்ணீர் அழுக்கானால் ஓட்டில் அழுகல் வரும்.

மெல்லிய செதில் அவ்வப்போது உரிவது இயல்பு. ஓடு அமுங்குதல், துர்நாற்றம், சிவந்த திட்டுகள், உணவை மறுத்தல் ஆகியவை தென்பட்டால் ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கள். கோணிய ஓடு முழுமையாகப் பழைய வடிவத்துக்குத் திரும்புவது அரிது. ஆனால் பராமரிப்பு திருந்தினால் இனி வளரும் பகுதி சீராக வளரும்.

நட்சத்திர ஆமை வேண்டாம்

தமிழகத்துக்கும் இலங்கைக்கும் பழக்கமான நட்சத்திர ஆமையை இங்குச் செல்லப்பிராணியாக வளர்ப்பது சட்டவிரோதம். 2019ல் அனைத்துலக ‘சைட்டிஸ்’ உடன்பாடு அதற்கு உச்சப் பாதுகாப்பு வழங்கியது. அதற்கு முந்திய ஆண்டு, சிங்கப்பூரில் மீட்கப்பட்ட 51 நட்சத்திர ஆமைகள் ‘ஏக்கர்ஸ்’ அமைப்பின் முயற்சியில் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டன. ஒளித்து வளர்ப்பவர் மருத்துவரிடம் போக அஞ்சுவார், துன்பப்படுவது ஆமைதான்.

வளர்க்க முடியாமல் போனால் பொங்கோல் நீர்வழியில் விட்டுவிடாதீர்கள். அது ஆமைக்கும் நல்லதன்று; அமெரிக்காவைச் சேர்ந்த சிவப்புக் காது ஆமை, உள்ளூர் உயிரினங்களின் உணவையும் இடத்தையும் பறித்துக்கொள்ளும். பொறுப்பான புதிய வீட்டைத் தேடுங்கள். வாங்கும் முன்பே, பிள்ளை பெரியவராகித் திருமணம் முடித்த பின்னும் இந்த ஆமை இருக்கக்கூடும் என்பதை நினைத்துப் பாருங்கள்.