ஆங்கிலம் பயிலும் மாணவருக்கு

திருவனந்தபுரத்துத் தமிழ் மாணவர் வீட்டில் தமிழும் வீதியில் மலையாளமும் வகுப்பில் ஆங்கிலமும் கேட்டு வளர்கின்றனர். ஆங்கிலப் பாடத்தைப் படித்தால் பொருள் விளங்குகிறது. எழுதத் தொடங்கினாலோ கை நின்றுவிடுகிறது. இஃது அறிவுக் குறைவன்று. இரு மொழிகளின் நடை வேறுபாடே காரணம்.

தமிழில் வினை தொடரின் இறுதியில் நிற்கும். ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்து வரும். ஆங்கிலத்துத் 'தி' என்னும் சொல்லுக்கு நேரான சொல் தமிழில் இல்லை. ஆதலின், சொல்லுக்குச் சொல் மாற்றினால் தொடர் பிழைபடுகிறது.

இதற்குப் பழைய வழி ஒன்றுண்டு. இலத்தீன் பயில்வோருக்கு ரோஜர் ஆஸ்கம் என்னும் ஆங்கில ஆசிரியர் 16-ஆம் நூற்றாண்டில் வகுத்தது அது. ஆங்கில நூலில் பத்து வரிகளைப் படித்து, அவற்றைத் தமிழில் எழுதுக. நூலை மூடிவிட்டு, சிறிது பொழுது கழித்து, அத்தமிழை மீண்டும் ஆங்கிலமாக்குக. பின்னர் மூலத்தோடு ஒப்பிடுக. விடுபட்ட 'தி', இடம் மாறிய வினை, தவறிய எழுத்து ஆகிய யாவும் தாமே புலப்படும். நாள்தோறும் அரைமணி நேரம் போதும். நூல்களுக்கோ, 1829-இல் தோன்றிய பொது நூலகம் பாளையத்திலேயே இருக்கிறது.

தாய்மொழி இதற்குத் தடையன்று. இந்நகர்க் கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக விளங்கிய பெ. சுந்தரம் பிள்ளை, லிட்டன் பிரபுவின் ஆங்கிலக் கதையொன்றைத் தழுவி 1891-இல் 'மனோன்மணீயம்' நாடகத்தை வெளியிட்டார். திருவிதாங்கூரின் பழைய மன்னர்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதினார். இரு மொழிகளும் அவருக்கு ஒன்றுக்கொன்று துணையாயின. நம் மாணவருக்கும் அவ்வாறே ஆகும்.