எண்ணுதல்

‘எண்ணுதல்’ என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. ஒன்று, இரண்டு எனத் தொகையிடுவதும் எண்ணுதல். ஒன்றைப் பற்றி ஆழ்ந்து கருதுவதும் எண்ணுதல். மக்கட் சமுதாயத்தைப் பற்றிய அறிவு இவ்விருவகை எண்ணுதலாலும் உருவாகின்றது. அவற்றுள் முதல்வகை எண்ணுதலைக் கணிப்பொறி இக்காலத்தில் வியக்கத்தக்க விரைவுடன் செய்து முடிக்கின்றது. அதனால் விளைந்த நன்மை யாது, அதன்கண் மாந்தர் விழிப்புடன் நோக்க வேண்டுவது யாது என்பனவற்றை ஈண்டுக் காண்போம்.

கல்வராயன் மலையடிவாரத்தில், கோமுகி அணைக்கு அண்மையில் அமைந்த பேரூர் வடக்கனந்தல். அங்கே பிறந்து வளர்ந்த ஒருவர் தம் தெருவினர் அனைவரையும் பெயர் சொல்லி அழைக்க வல்லவர். எவர் வீட்டில் கரும்பு வெட்டு நடைபெறுகின்றது, எவர் வீட்டுப் பிள்ளை மேற்படிப்புக்கு வெளியூர் சென்றது என்பனவெல்லாம் அவர் அறிவார். ஆயின், அவ்வூரினின்று மேலேறிச் செல்லும் மலையில் எத்தனைக் குடும்பங்கள் வாழ்கின்றன, அவற்றுள் எத்தனைப் பிள்ளைகள் பள்ளி செல்கின்றனர், பிழைப்பு நாடி மலையைவிட்டு இறங்கினோர் எத்தனை பேர் என்று வினவினால், அவரால் விடை கூற இயலாது. கண்ணும் காதும் எட்டும் எல்லைக்கு அப்பாற்பட்ட சமுதாயத்தை அறியக் கருவியும் முறையும் வேண்டும்.

அத்தகைய முறைகள் தமிழகத்திற்குப் புதியன அல்ல. ஏறத்தாழ 1001ஆம் ஆண்டில் முதலாம் இராசராச சோழன் தன் நாட்டு நிலங்களை அளப்பித்தான். முந்திரி, கீழ்முந்திரி என்னும் மிக நுண்ணிய பின்னங்கள் வரை அவ்வளவுகள் குறிக்கப்பட்டமையைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. நிலம் அளக்கப்பட்டது இறையின் பொருட்டு. ஆதலின் விளைநிலம் எவ்வளவு என்பதை அக்கணக்கு நன்கு அறிவித்தது. அந்நிலத்தில் நாற்று நட்ட மகளிர் எத்தனை பேர் என்பதை அறிவிக்கவில்லை. எதனை அறிதற்காகக் கணக்கெடுக்கப்படுகின்றதோ அதனையே கணக்கு காட்டும் என்பது இதனால் விளங்கும்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக விளங்கியவர் கில்பர்ட் சிலேட்டர். அவர் 1916ஆம் ஆண்டில் தம் மாணவர்களைச் சிற்றூர்களுக்கு அனுப்பி, மக்களின் நிலம், கூலி, கடன், உணவு ஆகியவற்றைக் கேட்டறிந்து எழுதச் செய்தார். அவ்வாறு ஆராயப்பட்ட ஊர்களுள் ஒன்று, அந்நாளைய தென்னார்க்காடு மாவட்டத்து இருவேல்பட்டு. அதன்பின் பல்வேறு காலங்களில் ஆய்வாளர் அதே ஊருக்கு மீண்டும் மீண்டும் சென்றனர். 2008ஆம் ஆண்டிலும் அங்கு ஆய்வு நிகழ்ந்தது. ஒரு நூற்றாண்டின் மாற்றத்தை ஓர் ஊரின் வாயிலாக அறியும் பேறு இதனாற் கிட்டியது. எனினும், இம்முறையால் ஓர் ஊரை ஆழமாக அறியலாமேயன்றி ஒரு நாட்டை முழுமையாக அறிதல் அரிது.

நாடு முழுமையும் எண்ணும் பணியில் பொறி புகுந்த வரலாறு அமெரிக்காவில் தொடங்குகின்றது. அந்நாட்டில் 1880இல் எடுத்த மக்கள் தொகைக் கணக்கைத் தொகுத்து முடிக்க ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் ஆயின. ஹெர்மன் ஹாலரித் என்பவர், ஒவ்வொரு மனிதருக்கும் ஓர் அட்டை வைத்து, அவரைப் பற்றிய செய்திகளை அவ்வட்டையில் துளைகளாக இட்டு, அத்துளைகளை மின்சாரத்தால் எண்ணும் பொறியை அமைத்தார். 1890ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அப்பொறி பயன்பட்டது. நாட்டின் மொத்த எண்ணிக்கை சில மாதங்களுள் வெளிவந்தது. அவருடைய நிறுவனம் பிறவற்றோடு இணைந்து, 1924இல் ஐ.பி.எம். என்னும் பெயர் பெற்றது. மக்களை எண்ணும் தேவையும் கணிப்பொறியின் வளர்ச்சிக்கு ஒரு காரணமாயிற்று என்பது இதனால் பெறப்படும்.

இந்தியாவில் 2001, 2011ஆம் ஆண்டுகளில் எடுத்த மக்கள் தொகைக் கணக்கின் படிவங்கள் படமாக்கப்பட்டு, கையெழுத்தைப் பொறியே படித்து அறியும் முறை கையாளப்பட்டது. 121 கோடி மக்களைப் பற்றிய செய்திகள் இவ்வாறு தொகுக்கப்பட்டன. வானிற் சுழலும் செயற்கைக் கோள்கள் காட்டின் பரப்பையும் நீர்நிலையின் அளவையும் காட்டுகின்றன. பல்லாண்டுகள் உழைத்து ஒப்பிட வேண்டிய பட்டியல்களைக் கணிப்பொறி நொடிப்பொழுதில் ஒப்பிடுகின்றது. எவ்வூரில் பள்ளி வேண்டும், எவ்வூரில் மருத்துவமனை வேண்டும் என்று அரசு அறிவதற்கு இவை பெருந்துணை புரிகின்றன.

எனினும், பொறியின் கையில் எதனைக் கொடுக்கின்றோமோ அதனையே அது எண்ணித் தரும். 2011ஆம் ஆண்டில் தொடங்கிய சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பு இதற்குத் தக்க சான்று. அதிற் செய்திகளைத் திரட்டக் கையடக்கக் கணினிகள் பயன்படுத்தப்பட்டன. மக்கள் கூறிய சாதிப் பெயர்கள் கூறியவாறே பதியப்பெற்றன. முடிவில் 46 இலட்சத்திற்கும் மேற்பட்ட பெயர்கள் சேர்ந்தன! 1931ஆம் ஆண்டுக் கணக்கிலோ 4,147 சாதிகளே காணப்பட்டன. சாதிகள் பெருகினவா? இல்லை. ஒரே பெயர் பலவாறு எழுதப்பட்டது. குலப்பெயரும் குடும்பப்பெயரும் சாதிப்பெயராகப் பதிவாயின. ஓர் எழுத்து மாறினாலும் பொறிக்கு அது வேறு பெயரே. இக்குறைகளை மைய அரசே 2021இல் உச்ச நீதிமன்றத்தில் எடுத்துரைத்தது.

வேறாகிய ஒன்றைப் பலவாகக் கொள்ளுதல் ஒரு பிழை. பலவாகியவற்றை ஒன்றாகக் கொள்ளுதல் மற்றொரு பிழை. பின்னதற்குச் சான்று காண வடக்கனந்தலினின்று மலையேறினாலே போதும். கல்வராயன் மலையிலும், சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை, சவ்வாது மலை ஆகியவற்றிலும் வாழும் பழங்குடியினர் ‘மலையாளி’ எனப்படுவர். அவர்தம் தாய்மொழி தமிழ். தம் முன்னோர் காஞ்சிபுரத்தினின்று வந்தவர் என்பது அவரிடை வழங்கும் மரபுச் செய்தி. கேரள நாட்டாரையும் இதே பெயரால் உலகம் அழைக்கின்றது. எழுத்தும் ஒன்றே, ஒலியும் ஒன்றே, மக்களோ வேறு. கணிப்பொறியில் இச்சொல்லை இட்டுத் தேடுவோர்க்குக் கேரள நாட்டாரைப் பற்றிய செய்திகளே பெரும்பாலும் முன்வந்து நிற்கும். வினாவுக்கு விடை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுப் பொறிகளும், உலகில் மிகுதியாக எழுதப்பட்டவற்றைக் கொண்டே விடை தருவன. தம்மைப் பற்றித் தாமே எழுதி வைக்க வாய்ப்புப் பெறாத மலைவாழ் மக்கள், அவ்விடைகளில் மறைந்துபோதல் எளிது.

பெயரும் எல்லையும் ஏட்டளவில் நிற்பன அல்ல. அவற்றால் வாழ்வே மாறும். தமிழ்நாட்டுப் பழங்குடியினர் பட்டியலில் ‘மலையாளி’ என்னும் பெயர் சில மாவட்டங்களின் பெயரோடு இணைத்துக் குறிக்கப்பட்டது. கல்வராயன் மலை அடங்கிய பழைய தென்னார்க்காடு அவற்றுள் ஒன்று. ஈரோடு மாவட்டப் பர்கூர் மலையில் வாழும் அப்பெயரினர், தம் மாவட்டம் அப்பட்டியலில் இல்லாமையால் நெடுங்காலம் பழங்குடிச் சான்றிதழ் பெற இயலாது அதனைக் கோரி வந்தனர். சான்றிதழ் இன்றேல் அவர்தம் பிள்ளைகட்குக் கல்வி உதவியும் இடவொதுக்கீடும் எட்டா. பட்டியலில் உள்ளதையே பொறி காட்டும். பட்டியலில் விடுபட்டோர் உளர் என்பதை அது தானே உணராது.

மாவட்ட எல்லைகளும் இத்தன்மையனவே. கள்ளக்குறிச்சி முன்னர்த் தென்னார்க்காட்டிலும், 1993 முதல் விழுப்புரம் மாவட்டத்திலும் அடங்கியிருந்து, 2019இல் தனி மாவட்டமாயிற்று. 2011ஆம் ஆண்டுக் கணக்கில் கள்ளக்குறிச்சி மாவட்டம் எனத் தேடினால் கிடைக்காது. இவ்வரலாறு அறிந்தவரே பழங்கணக்கையும் புதுக்கணக்கையும் பிழையின்றி ஒப்பிடுதல் கூடும்.

2021இல் நிகழவேண்டிய மக்கள் தொகைக் கணக்கெடுப்பு, கொரோனாப் பெருந்தொற்றால் தள்ளிவைக்கப்பட்டது. பின்னர், 2027ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிற்கான அறிவிக்கை 2025 ஜூன் 16ஆம் நாள் வெளிவந்தது. காகிதப் படிவங்களுக்கு மாறாகக் கைப்பேசிச் செயலியால் செய்திகளைத் திரட்டுவதாகவும், மக்கள் தாமே இணையத்தில் விவரங்களைப் பதிவதற்கு இடமளிப்பதாகவும் இது திட்டமிடப்பட்டது. சாதி பற்றிய வினாவும் இதிற் சேர்க்கப்பட்டது. காகிதத்தினின்று படியெடுக்குங்கால் நேரும் பிழைகள் இதனால் நீங்கும். முடிவுகளும் விரைந்து கிட்டும். ஆயினும், பொறியிற் பதியும் முன்னர் ஒரு வாயிலில் ஒருவர் நின்று கேட்க, மற்றொருவர் விடை கூற வேண்டும். கேட்பவர் மலையின் கடைசி வீடு வரை நடந்து சென்றாரா, விடை கூறுபவர் வினாவின் பொருளை உணர்ந்தாரா, வீட்டுப் பெண்டிரின் உழைப்பும் உழைப்பெனக் குறிக்கப்பட்டதா என்பவற்றைப் பொறுத்தே அக்கணக்கின் மெய்ம்மை அமையும்.

ஆகவே, கற்போர் ஒரு புள்ளிவிவரத்தைக் காணும்பொழுது, ‘இதனை எவர் எண்ணினார்? எவ்வினாவைக் கேட்டார்? எப்பெயரால் பகுத்தார்? எவரை விடுத்தார்?’ என வினவிப் பழகுதல் வேண்டும். தம் வீட்டிற்குக் கணக்கெடுப்போர் வருங்கால், எழுத்தறியாத முதியோர்க்கு வினாவை விளக்கி, உண்மையான விடை பதியத் துணைநிற்றல் வேண்டும். தம் ஊரின் பழம்பெயர்களையும், தொழில்களையும், பெரியோர் வாய்மொழிகளையும் பிழையற எழுதி வைத்தலும் அவர்க்குரிய கடமையே. நாளை கணிப்பொறி தேடுங்கால் அவ்வெழுத்தும் அதற்கு அகப்படும்.

தொகையிடும் எண்ணுதலைப் பொறியிடம் ஒப்படைக்கலாம். கருதிப் பார்க்கும் எண்ணுதல் மாந்தர்க்கே உரியது. இவ்விரண்டும் ஒருங்கே அமையுமாயின், மலையடிவாரத்துப் பேரூரும் மலையுச்சியின் கடைசிக் குடிசையும் நாட்டின் அறிவில் தமக்குரிய இடத்தைப் பெறும்.